பதினேழாவது அட்டை

கண்ணு ஜெசி,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாதவள், இன்றைக்குத் திடீரென்று பாசம் பொங்கி எழுதுகிறேன் என்றால் நீயே நம்பமாட்டாய். காரணம் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நூலக அறிவியல் படித்த கல்லூரியில், இந்த வருஷம் இருபத்திரண்டு பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். நூலக வேலைக்கு வரப்போகும் அந்தப் பிள்ளைகளை வாழ்த்தி, அப்படியே நாலு வார்த்தை புத்தியும் சொல்லி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள்.

"அன்பார்ந்த இளம் நூலகர்களே" என்று ஆரம்பித்து ஐந்து தாளைக் கிழித்துப் போட்டேன். வாழ்த்த வாய் வரவில்லை. கைப்பையில் ஒரு வேலை உத்தரவு கிடக்கிறது. மேஜைமேல் கையெழுத்துக்காக ஒரு காகிதம் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கிறவள் யாருக்கு என்ன புத்தி சொல்வது? அதனால் உன்னிடம் பேசுகிறேன். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

நம் இடத்தைப் பற்றி அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூரில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற நூலகம். மில் சங்கு ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். எட்டாயிரத்துச் சொச்சம் புத்தகம், எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்களில். நான் நூலகர், நீ உதவி நூலகர். சாவிக்கொத்து என் இடுப்பில். "அக்கா, உங்க சாவிச் சத்தம் கேட்டாலே புஸ்தகமெல்லாம் மூச்சப் புடிச்சுக்குதுங்க்கா" என்பாய். நான் முறைப்பேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாய்.

நான் முறைத்ததற்கும் காரணம் உண்டு. வகுப்பில் யாரும் சொல்லித்தராத ஒன்றை, வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் கற்றுக்கொண்டேன். பழைய நூலகர் புத்தகப் பட்டியலை நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அத்தனை புத்தகத்துக்கும் நான் பொறுப்பு. அதை இங்கே 'சார்ஜ்' என்பார்கள். வேலையை விட்டுப் போக வேண்டுமென்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் எண்ணித் திருப்பி ஒப்படைத்தாக வேண்டும். குறைந்தால் விடுவிப்புக் கடிதம் கிடையாது. அது இல்லாமல் வேறு எந்த இடத்திலும் சேர முடியாது. பிள்ளைகளே, முதல் நாள் உங்களுக்கு இனிப்புக் கொடுத்துக் கைகுலுக்குவார்கள். அந்தச் சந்தோஷத்தில் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நானும் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் என்றுதான் வந்தேன். வீட்டுக்காரர் தாராபுரத்தில் பள்ளி ஆசிரியர். சனிக்கிழமை மத்தியானம் பல்லடம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, திங்கட்கிழமை விடியக்காலை அதே வழியில் திரும்பி வருவது. இப்படியே பதினோரு வருஷம். என் மகள் வளர்ந்ததை நான் வாரத்துக்கு ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். இந்தக் கோடையில் தாராபுரத்திலேயே ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. வீட்டிலிருந்து நடந்து போய்விடலாம். முப்பதாம் தேதிக்குள் சேர வேண்டும். உத்தரவைப் படித்துவிட்டு உன் காலி நாற்காலியைப் பார்த்து, "கண்ணு, நானு கெளம்பறேன்" என்று வாய்விட்டே சொன்னேன்.

சார்ஜ் ஒப்படைப்பதற்காக எண்ண ஆரம்பித்தோம். நாற்பத்தொரு புத்தகம் இல்லை.

பூட்டி வைத்த பீரோவிலிருந்து நாற்பத்தொரு புத்தகம், ஜெசி! மூன்று முறை எண்ணினேன். இடம் மாறி வைத்திருப்போமோ என்று பீரோ பீரோவாக இறக்கி ஏற்றினேன். தூசியில் இருமல் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இரவல் பதிவேட்டில் அந்தப் புத்தகங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாவியோ இரண்டே பேர் கையில்தான் இருந்திருக்கிறது. வாரம் முழுக்க என் இடுப்பில், சனிக்கிழமை மத்தியானம் நான் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு உன் கையில்.

டிரஸ்ட் செயலர் ஐயாவை உனக்குத் தெரியும். பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். என்னை உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்கம்மா, இதுக்குப் போயி எதுக்குங்க இத்தன சங்கடப்படறீங்க? சனிக்கெழம பொறுப்பு அந்தப் பொண்ணுகிட்டத்தானுங்க இருந்துச்சு? காணாமப் போன புஸ்தகத்துக்கெல்லாம் அவங்கதான் பொறுப்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துப்போடுங்க. அன்னைக்கே நானு உங்கள ரிலீவ் பண்ணிப்போடறேன்."

"அவ உசுரோட இல்லீங்களே?"

"அதனாலதானுங்க சொல்றேன். இனி யாருங்க அவங்களப் போயிக் கேக்கப் போறாங்க? ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் இல்லீங்க."

காகிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தார். கீழே என் பெயர், அதற்கு மேலே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு. நான் வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வேண்டாம் என்று திருப்பியும் கொடுக்கவில்லை. இதை உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்காரரிடம் பேசினேன். "ஒரு வரிதானே தெய்வா? அந்தப் புள்ள இருந்திருந்தா அதே எழுதிக் குடுத்திருக்கும். போட்டுக் குடுத்துட்டு வா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நீ இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருப்பாய். நீ இல்லாததுதான் என் கையைக் கட்டிப்போட்டது.

உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடிப்பாவி, என்ன செய்தாய் அந்தப் புத்தகங்களை? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போனவள், நாற்பத்தொரு புத்தகத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்தாய்? விற்றிருப்பாயோ என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் நினைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று அட்டை எழுதி இழுப்பறையில் அடுக்குவோம். ஆசிரியர் பெயரில் ஒன்று, பொருளின் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று. ஆசிரியர் அட்டையின் பின்பக்கத்தில் சில குறிப்புகள் இருக்கும், அதனால் அதைத் திருப்பிப் பார்ப்போம். தலைப்பு அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்பது நமக்குக் கற்பித்த முறை. ஆகவே எந்த நூலகரும் அதைத் திருப்பிப் பார்க்கமாட்டார். நான் சத்தியமாகப் பார்த்ததில்லை.

போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் நமக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஆசிரியர் அட்டைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். தலைப்பு அட்டைகள் இனி எதற்கு? பாதிக்குமேல் டிரஸ்ட் பால்வாடிக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டேன். மீதியை, வாசகர்கள் புத்தக எண் குறித்துக்கொள்ளும் சீட்டாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன். நல்ல யோசனை என்று செயலர் ஐயா பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த மலருக்குக் குறிப்பு எடுப்பதற்காக அந்த டப்பாவிலிருந்து நாலு அட்டையை உருவினேன். 'ஒன்று, வாழ்த்து' என்று எழுதலாமென்று திருப்பினால், பின்பக்கத்தில் பென்சிலில் உன் கோழிக்கிறுக்கல். "ராஜாமணி, கோன் வைண்டிங், இருகூர் ஸ்டேஷன் பின்னாடி. எப்ப வேணா." முன்பக்கத்தைப் பார்த்தேன். மோட்டார் காயில் சுற்றுவதைப் பற்றிய புத்தகம். காணாமல் போன நாற்பத்தொன்றில் ஒன்று.

டப்பாவைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பதினாறு அட்டை, பதினாறு பெயர். தையல், பிரசவம், வீட்டு வயரிங், பத்தாம் வகுப்புக் கணக்கு. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அதே இரண்டு வார்த்தை, 'எப்ப வேணா'. எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். நூலகம் நடத்துகிற லட்சணமா இது?

அந்தப் பதினாறு பேரும் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. நம் நூலகத்தில் உறுப்பினர் ஆக வேண்டுமென்றால், இந்தப் பக்கத்தில் வீட்டு வரி கட்டுகிறவரோ நிரந்தர வேலையில் இருக்கிறவரோ ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணுக்கு யார் போடுவார்கள்? அவர்களுடைய படிவத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தவள் நான்தான். "ஜாமீன் இல்லீங்களே, கெடச்சதும் வாங்க" என்று மரியாதையாகத்தான் சொல்வேன். அவர்கள் சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்திருக்கிறார்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை, ஜெசி? இதையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் தெரிந்ததும் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சொல்லியிருந்தால் உன் கையிலிருந்து சாவியை வாங்கியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தாராபுரத்தில் இல்லை, இருகூரில் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பதினாறையும் மீட்டுவிட்டால் குறை இருபத்தைந்தாகிவிடும், செயலரிடம் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஸ்டேஷன் பின்னால் விசாரித்தபோது, "மோட்டார் ராஜாமணீங்களா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. வாசலில் நாலைந்து பம்ப்செட் மோட்டார்கள் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே போட்டுக்கொண்டு கிடந்தன. நாற்பது வயதுப் பெண், விரலெல்லாம் வார்னிஷ் கறை, செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். கோன் வைண்டிங்கில் நூல் சுற்றும் வேலை செய்த மில்லை மூடி இரண்டு வருஷம் ஆயிற்றாம்.

"லைப்ரரியில இருந்து வாரனுங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. ஜெசிம்மா அனுப்புனாங்ளா? அவங்க சொகந்தானுங்களே? ஒருக்கா கூட்டியாந்து இந்தத் தொழிலையெல்லாம் காட்டோணும்னு நெனச்சுட்டே இருக்கறனுங்க."

நான் சொன்னேன். மஞ்சள் காமாலை என்றும், மூன்றே வாரம் என்றும், எதையோ முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நூலகத்தில் உனக்காக இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம், ஜெசி. அங்கே ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இல்லை. வேலை நேரம் என்று நானும் அடக்கிக்கொண்டு நின்றேன். உனக்காக ஒருத்தி சத்தம்போட்டு அழுததை இருகூரில்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. எங்களால அவங்களுக்கு ஒரு கெட்ட பேரு வரக்கூடாதுங்க. ஒரே ஒரு ஒதவி. நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு டேபிள் இருக்குதுங்க, எத்தன எச்.பி. மோட்டாருக்கு எத்தன சுத்துன்னு. அத மட்டும் எழுதிக்கட்டுங்களா?"

பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு டீ வந்தது. நான் டீயைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நோட்டில் அளவுகோலை வைத்துக் கட்டம் போட்டாள். புத்தகத்தில் இடது கை விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். ஒரு எண் தவறிவிட்டது, அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். எட்டாயிரம் புத்தகத்துக்குப் பதினோரு வருஷம் காவல் இருந்திருக்கிறேன். புத்தகத்தின் ஒரே ஒரு பக்கம் ஒருவருக்கு இவ்வளவு தேவையாக இருப்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. பாதிக் கட்டம் நிறைவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. "அட உடுங்க, புஸ்தகமே இங்கயே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டேன்.

பெருமையோடு திரும்பினேன் என்று நினைத்துவிடாதே. பஸ்ஸில் நாள் எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பதாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. மேஜைமேல் அந்தக் காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. பதினாறு பெயரையும் வெளியே சொன்னால், நீ விதியை மீறியதற்கு நானே சாட்சி சொன்னதாகும். சொல்லாவிட்டால் நீ திருடி. கையெழுத்துப் போட்டால் தாராபுரம், போடாவிட்டால் இந்த ஜன்னல் கம்பியும் மில் சங்கும். இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாருங்கள் பிள்ளைகளே, நல்ல தொழில் என்று எப்படி எழுத?

இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன். மலர்க்குழுவிலிருந்து இரண்டு முறை வந்து கேட்டுப் போய்விட்டார்கள். உனக்கும் அவர்களுக்கும் மீதியைச் சொல்லிவிட வேண்டும்.

முன் பகுதியை எழுதிய மறுநாள் பால்வாடிக்குப் போனேன். "அந்த அட்டையெல்லாம் அப்பவே தீந்துபோச்சுங்க. செவுத்துல ஒட்டுனது மட்டுந்தானுங்க இருக்குது" என்றார் டீச்சர். சுவரில் முப்பது நாற்பது படம். யானை, மாம்பழம், சேலை கட்டிய சூரியன். ஒரு ரயில் வண்டிப் படத்தில் நீல வர்ணத்துக்கு அடியில் பென்சில் எழுத்துத் தெரிந்தது. நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்தேன். உன் எழுத்துத்தான்.

"தெய்வா அக்கா. பாப்பாவுக்கு அம்மை. எப்ப வேணா."

நாலு வருஷத்துக்கு முந்திய சனிக்கிழமை அது. மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று செய்தி வந்து, நான் கை கால் ஓடாமல் கிளம்பிக்கொண்டிருந்தேன். படுத்துக்கொண்டே பார்க்கட்டும் என்று நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை நீதான் என் பையில் திணித்தாய். "பதிவேட்டுல எழுதோணுமே" என்றேன். "நானு எழுதிக்கறேங்க்கா, நீங்க ஓடுங்க, பஸ் போயிரும்" என்றாய். நான் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை நான் ஒரு முறைகூட நினைக்கவில்லை. உறுப்பினர் அல்லாதவர்களுக்குப் புத்தகம் இல்லை என்று பதினோரு வருஷம் சொன்னவள், இதுவரை தனக்கென்று ஒரு உறுப்பினர் படிவம் நிரப்பியதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் மகளிடம் கேட்டேன். "இதுதானே?" என்று தன் பாடப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் நம் நூலக முத்திரை. அதை அவ்வளவு அழுத்திக் குத்தியது என் கைதான். அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால், என் மகளின் அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு உன்னைத் திருடி என்று எழுதிக் கொடுத்திருப்பேன். எவ்வளவு அருகில் போய்விட்டு வந்திருக்கிறேன், ஜெசி!

திங்கட்கிழமை பதினேழு படிவம் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, இருட்டும் வரை ஒவ்வொரு வீடாகப் போனேன். எல்லோரும் கிடைக்கவில்லை. மூன்று பேர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார்களாம், அவர்கள் படிவத்தில் பெயரை மட்டும் எழுதி வைத்தேன். பதினாறு படிவத்திலும் ஜாமீன் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். முப்பதாம் தேதி காலையில் செயலர் ஐயா முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"இதென்னங்கம்மா, எல்லாத்துலயும் நீங்களே ஜாமீனா?"

"நெரந்தர வேலையில இருக்கறவங்க போடலாம்னு விதியில இருக்குதுங்களே. இந்தப் புஸ்தகமெல்லாம் காணாமப் போகலீங்க. இரவல் போயிருக்குது. பேரு இருக்குது, ஊரு இருக்குது."

"சரீங்க. ஆனா நீங்க வேலைய உட்டுப் போனா ஜாமீன் செல்லாதுங்களே. அப்பறம் மீதி இருபத்தி நாலு?"

"அதுக்கெல்லாம் அட்டைய நாந்தானுங்க பால்வாடிக்குக் குடுத்துப்போட்டேன். தப்பு என்னுது. எம் பேருலயே எழுதிக் கொண்டாந்திருக்கறனுங்க."

படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "உங்களுக்கு நல்லது பண்ணோணும்னுதானுங்க பாத்தேன். இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் டைப் அடித்துக் கொடுத்த காகிதத்தை, புள்ளிக்கோடு காலியாக இருக்க, அவர் மேஜையிலேயே வைத்தேன். சாயங்காலம் சங்கு ஊதியபோது நான் இங்கேதான் இருந்தேன். தாராபுரம் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அழுதேன் ஜெசி, பொய் சொல்ல என்ன இருக்கிறது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சரி. சனிக்கெழம வருவயில்ல?" என்றார். "கடைசி பஸ்ஸுக்கு வாரேன்" என்றேன்.

ஏன் கடைசி பஸ் என்று அவர் கேட்கவில்லை. இனிமேல் சனிக்கிழமை மத்தியானம் பீரோக்களை நானே திறந்து வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன், அதனால்தான்.

பிள்ளைகளே, உங்களுக்கு என் வாழ்த்து. இப்போது மனதாரச் சொல்ல முடிகிறது. ஆனால் இனிப்பாகச் சொல்ல முடியவில்லை. இந்த வேலை உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசியும் பட்டியலும் பூட்டும் உங்கள் தலையில் ஏறி உட்காரும். சில வருஷம் போனால் புத்தகத்தைக் காப்பதுதான் வேலை என்று உங்களுக்கே தோன்றிவிடும், எனக்குத் தோன்றியதுபோல. பழைய அட்டை எதையும் திருப்பிப் பார்க்காமல் எறியாதீர்கள். கம்ப்யூட்டரில் திருப்பிப் பார்க்க ஒன்றும் இல்லை என்பதால், படிவத்தோடு வந்து நிற்கிறவரின் முகத்தையாவது பாருங்கள். யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதை ஊருக்குச் சொல்லாதீர்கள். நான் இங்கே ராஜாமணியின் பெயரை எழுதியதுகூட அவளைக் கேட்டுத்தான். செயலர் ஐயாவும் இந்த மலரைப் படிப்பார். படிக்கட்டும்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பதினேழாவது படிவம் என்னுடையது. "உங்களுக்கு நீங்களே ஜாமீன் போட முடியாதுங்களே" என்று செயலர் ஐயா அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷம் இருந்த ஊரில் எனக்காகக் கையெழுத்துப் போட ஒரு ஆள் தெரியவில்லை. அறை, நூலகம், பஸ் ஸ்டாண்ட், இவ்வளவுதான் என் ஊர். நீ இருந்திருந்தால் போட்டிருப்பாய்.

நேற்றுச் சனிக்கிழமை மத்தியானம் ராஜாமணி தன் உறுப்பினர் அட்டையை வாங்க வந்தாள். மேஜைமேல் என் படிவம் கிடந்தது. ஜாமீன் என்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊட்டு வரி ரசீது இருந்தா யாரு வேணாலும் போடலாமுங்களா?"

"போடலாமுங்க."

மணிபர்ஸிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்துப் பிரித்து வைத்தாள். "வாடகைக்கு இருந்த அதே எடத்துல, மோட்டார் கட்டி மிச்சம் புடிச்சதுல எழுப்புன ஊடுங்க. எம் பேருலதான் இருக்குது" என்றாள். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, "எந்தப் புஸ்தகத்துக்குங்க?" என்று கேட்டாள்.

"நட்சத்திரப் புஸ்தகம். மகளுக்கு எடுத்தது. நாலு வருஷமாத் திருப்பிக் குடுக்கலீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவள் என் கைமேல் கை வைத்தாள். வார்னிஷ் வாசம் அடித்தது.

"அதுக்கென்னங்க. எப்ப வேணா குடுங்க" என்றாள்.

ஜெசி, சனிக்கிழமை மத்தியானம் இந்த பீரோக்கள் திறந்திருக்கும். நான் இங்கே இருக்கும் வரைக்கும் பூட்டமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறக்காத அக்கா,
தெய்வாத்தாள்
(ஜாமீன்: ராஜாமணி, இருகூர்)